மோட்டரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது இது: வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த வயரில்லாத வெக்கியூம் கிளீனர் இரண்டு வருடம் நல்லா ஓடியது, இப்போது பட்டனை அழுத்தினால் விசில் அடித்த மாதிரிக் கீச்சென்று கத்திவிட்டு ஏழெட்டு செக்கனில் நின்றுவிடுகிறது. கடையில் கொடுத்தாராம், அங்கே கையில் வாங்கி ஒருக்கா அழுத்திப் பார்த்துவிட்டு "மோட்டர் போச்சு" என்று சொல்லிவிட்டார்களாம், மாற்றுவதற்குக் கேட்ட காசு புதுசின் விலையில் பாதிக்கு மேல். வீட்டிலேயே மோட்டரைத் திருத்தலாமா, அல்லது அவர் அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு மோட்டர் வாங்கிவரச் சொல்லவா என்பது கேள்வி.

திருத்தலாம். ஆனால் உங்கள் மோட்டர் பழுதே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், நீங்கள் எழுதிய அந்தக் கீச்சுச் சத்தம்தான் காரணம். நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருபது வருடத்துக்கு மேலாகத் தண்ணீர் மோட்டர், ஃபேன், கிரைண்டர் என்று வைண்டிங் செய்கிற, அதாவது எரிந்த மோட்டருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற ஆள். இந்த வயரில்லாத வெக்கியூம்கள் என் மேசைக்கு வரத் தொடங்கி ஒரு ஆறேழு வருடம் இருக்கும், அநேகமாக எல்லாமே வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தவை, எல்லாமே "மோட்டர் போச்சு" என்ற தீர்ப்போடுதான் வரும். கழற்றிப் பார்த்தால் மோட்டர் பாவம், ஒரு தப்பும் செய்திருக்காது. சத்தம் போடுகிற சாமான் அது ஒன்றுதான் என்பதால் பழி அதன் தலையில் விழுகிறது.

சத்தத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். நல்லா ஓடுகிற எந்த வெக்கியூமின் வாயையும் உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள், சத்தம் தணியாது, மேலே ஏறும். மெஷின் கஷ்டப்பட்டுக் கத்துகிறது என்று நினைப்போம், விசயம் நேர்மாறு. இந்த மோட்டரின் வேலை காற்றைத் தள்ளுவது. காற்றே வராவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, பாரம் குறைகிறது, வேகம் கூடுகிறது, பற்றரியிலிருந்து இழுக்கிற கரண்டும் குறைகிறது. கிணற்றில் தண்ணீர் வற்றின பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற பம்ப் மாதிரி. சும்மா சுற்றுகிறதுதானே, நல்லதுதானே என்றால் அதுவும் இல்லை, ஏனென்றால் இந்த மோட்டரைக் குளிர வைப்பதும் அதே காற்றுதான். காற்றோட்டம் நின்றால் சில செக்கனில் உள்ளே சூடு ஏறும், கொஞ்சம் நல்ல மெஷினாக இருந்தால் உள்ளே இருக்கிற சர்க்கியூட் பலகை அதை உணர்ந்து தானாக நிறுத்திவிடும், இன்னும் சிலது விட்டு விட்டுத் துடிக்கும். கீச்சென்று கத்திவிட்டு நிற்பது என்றால் மூச்சு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மோட்டர் உண்மையில் சாகிற சத்தம் வேறு, அது கரகரக்கும், அல்லது உறுமும், அல்லது ஒரு மணம் வரும். எரிந்த வார்னிஷ் மணம் ஒருதரம் மூக்கில் ஏறினால் ஆயுளுக்கும் மறக்காது.

ஆகவே ஸ்க்ரூட்ரைவரைத் தேட முதல் இதைச் செய்யுங்கள். தலை, நீளக் குழாய், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் உடம்பை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் சாதாரணமாகி, நிற்காமல் ஓடினால் அடைப்பு கழற்றி வைத்த பாகத்தில் இருக்கிறது. குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரியும், தெரியாவிட்டால் ஒரு கோலிக்குண்டை உருட்டி விடுங்கள், மற்றப் பக்கத்தால் வரவேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குழாய்க்குள் இருந்து நான் எடுத்த சாமான்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு வீட்டில் மூன்று மாதமாகத் தேடிய தோடு வந்தது.

வெறும் உடம்பும் கத்தினால் பில்டர். தூசிப் பெட்டியைக் கழற்றி, பில்டரை எடுத்து, தட்டாமல் முதலில் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கடற்கரை மணலைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள், பில்டரை அடைக்கிறது மணல் இல்லை, அது பாரம், பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். அடைக்கிறது மாவு மாதிரியான தூசி: அரிசிமா, சாம்பிராணிச் சாம்பல், முகப்பவுடர், எல்லாவற்றையும் விட மோசமானது சீமெந்துத் தூள். டைல்ஸ் பதித்த வீட்டை இந்த மெஷினால் துப்புரவாக்கியிருந்தால் பில்டரை மாற்றுவது பற்றி யோசியுங்கள், சீமெந்து ஈரம் பட்டால் அங்கேயே இறுகிவிடும், பிறகு கழுவியும் பயனில்லை. கழுவலாம் என்று போட்டிருக்கிற பில்டரை மட்டும் கழுவுங்கள், சவர்க்காரம் போடாமல் ஓடுகிற குழாய்த் தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை. பிறகு காயவிடுவதுதான் பெரிய விசயம். வெயில் காலத்தில் முழுதாக ஒரு நாள். மாரியில், வாடைக்காற்று அடிக்கிற நேரம், இரண்டு நாள் விட்டாலும் பிழையில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கவேண்டாம், சுருங்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும், அதைப் போட்டு ஓட்டினால் அடைத்த பில்டர் மாதிரியே கத்தி நிற்கும், நீங்கள் திரும்ப மோட்டரைத் திட்டுவீர்கள். ஈரக்காற்று மோட்டருக்குள் போவது தனிக் கேடு.

இனித் தலை. உருளுகிற பிரஷ் இருக்கிற தலைக்குள் பெரும்பாலும் தனியாக ஒரு குட்டி மோட்டர் இருக்கும், பலவற்றில் ஒரு பெல்ட்டும் இருக்கும். நீளத் தலைமயிர், பன்பாயின் நார், கால்மிதியின் தும்பு எல்லாம் அந்த உருளையின் இரண்டு கரையிலும் சுற்றிச் சுற்றி இறுகி, கடைசியில் பேரிங்குக்குள்ளேயே போய்விடும். உருளை இறுகினால் குட்டி மோட்டர் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும், சில மெஷின்களில் அதற்காக முழு மெஷினையும் பலகை நிறுத்திவிடும். உருளையைக் கழற்றி, தையல் பிரிக்கிற கூர்ச் சாமானால் நீளவாக்கில் வெட்டி உரித்தால் வந்துவிடும். கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்றவேண்டும்.

இதுவரை ஒரு சதமும் செலவில்லை. உங்கள் மெஷின் இங்கேயே சரிவந்துவிடும் என்பது என் கணக்கு. வராவிட்டால் அடுத்தது பற்றரி, இதற்கு வோல்ட்டும் தடையும் அளக்கிற மல்டிமீற்றர் ஒன்று வேண்டும். மலிவானதே போதும்.

இந்த மெஷின்களில் பெரும்பாலும் 18650 என்ற அளவு லித்தியம் செல்கள் வரிசையாகக் கோர்த்திருக்கும், 18 மில்லிமீற்றர் விட்டம், 65 நீளம். ஒரு செல் நிறையச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட், சராசரி 3.6, ஏறத்தாழ 3 வோல்ட்டுக்கு வந்தால் வெறுமை. ஆறு செல் இருந்தால் 25.2, 21.6, 18 என்று கணக்குப் போடுங்கள், ஏழு செல் இருந்தால் நிறைந்த சார்ஜ் 29.4. சும்மா வைத்து அளந்தால் கிழட்டுப் பற்றரியும் 25 காட்டும், அதில் ஏமாறவேண்டாம். ஓடும்போது அளக்கவேண்டும். பட்டனை அழுத்தியதும் ஒன்றிரண்டு வோல்ட் இறங்குவது இயல்பு, 25இல் இருந்து விழுந்தடித்து 18க்குக் கீழே போய் மெஷின் நின்றால், அதுவும் விட்டவுடன் திரும்ப 24 காட்டினால், செல்களில் ஒன்றாவது செத்துவிட்டது. இன்னொன்று, சில பற்றரிகள் மெஷினில் பூட்டி சமிக்ஞை வந்தால்தான் வோல்ட் கொடுக்கும், வெளியே எடுத்து அளந்தால் பூச்சியம் காட்டும், அதை வைத்துப் பற்றரி செத்தது என்று எறியாதீர்கள்.

பற்றரிக்குள் கை வைக்காதீர்கள், இதை ஒரு மூத்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். செல் மாற்றுவதை யூடியூபில் பார்க்க லேசாக இருக்கும். செல்லின் மேல் நேரே சோல்டரிங் அயனை வைத்தால் சூட்டில் உள்ளே கெட்டுவிடும், அதற்கு ஸ்பொட் வெல்டிங் மெஷின் வேண்டும், தவறிப்போய் ஒரு ஸ்க்ரூட்ரைவர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் நெருப்பு. ஊதியிருக்கிற பற்றரியைத் திரும்ப சார்ஜ் போடவே வேண்டாம், வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய சாமான் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு வாளி மணலுக்குள் வையுங்கள், மணலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

பற்றரி நல்லது, ஆனாலும் மெஷின் வலுவில்லாமல் ஓடுகிறது என்றால் பற்றரிக்கும் உடம்புக்கும் இடையில் இருக்கிற செம்புத் தகடுகளைப் பாருங்கள். கரையோரத்து வீடுகளில் நான் அதிகம் காண்கிற பழுது இதுதான், வேறு எந்தப் புத்தகத்திலும் முதலில் சொல்லமாட்டார்கள். நாவலடிப் பக்கமிருந்து ஒரு மெஷின் வந்தது, கடலைப் பார்த்த விறாந்தைச் சுவரில் மாட்டி வைத்தே சார்ஜ் போட்டிருக்கிறார்கள். தகடு முழுக்கப் பச்சை. பாருங்கள், 350 வாட் மெஷின் ஒன்று 22 வோல்ட்டில் 16 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பச்சைப் பூச்சு வெறும் 0.1 ஓம் தடை கொடுத்தால் போதும், 1.6 வோல்ட் அங்கேயே தொலையும், அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு பிறக்கும், 25 வாட் என்பது ஒரு சின்ன சோல்டரிங் அயன். பிளாஸ்டிக் உருகி, தகடு சாய்ந்து, பிறகு தொடர்பே விட்டுப்போகும். பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்தேன், அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. கூலி வாங்கவே வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

கச்சான் காற்று அடிக்கிற சூடான மாதங்களில் இன்னொரு தொல்லை, ஓடி முடிந்த சூட்டோடு சார்ஜில் போடுவது. லித்தியம் செல்லை 45 பாகைக்கு மேலான சூட்டில் சார்ஜ் பண்ணக்கூடாது, அந்த நாட்களில் தகரக் கூரை வீட்டில் அறைச் சூடே 35ஐத் தாண்டும், பற்றரியின் சொந்தச் சூடும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் போடுங்கள்.

சரி, காற்று, தலை, பற்றரி, தகடு நான்கும் நல்லது, இன்னும் பழுது இருக்கிறது. இப்போது திறக்கலாம். பற்றரியைக் கழற்றித் தூரமாக வையுங்கள், கழற்ற முடியாத மாதிரி உள்ளே பூட்டியிருந்தால் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை இழுத்து விடுங்கள். ஸ்க்ரூ பெரும்பாலும் நட்சத்திரத் தலையாக இருக்கும், T8 அல்லது T10, ஒன்றிரண்டு ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தும் திறக்காவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் போனில் ஒரு படம் எடுங்கள், ஸ்க்ரூவை முட்டை அட்டையில் கழற்றிய வரிசைக்கே குழி குழியாகப் போடுங்கள்.

திறந்ததும் நான் முதலில் தேடுவது கறுப்பு மணல். சின்ன வயதில் காந்தத்தை நூலில் கட்டிக் கடற்கரையில் இழுத்திருப்பீர்கள், கறுப்புக் கறுப்பாக மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், இல்மனைட்டும் அதைப் போன்ற பாரமான கனிமங்களும் எங்கள் கரையோர மணலில் கலந்திருக்கின்றன, திருக்கோவில் பக்கம் போனால் கரையே கறுத்துத் தெரியும் இடங்கள் உண்டு. மோட்டருக்குள் இருப்பது நல்ல பலமான காந்தம். அந்த மணல் அதில் ஒட்டியிருந்தால் பில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது அதைச் சுற்றியிருக்கிற இறப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, வேறு வழியால் அது உள்ளே வரமுடியாது. ஆகவே மோட்டரை மட்டும் துப்புரவாக்கிப் பூட்டினால் ஒரு மாதத்தில் அதே கதை. மணலை ஊதினால் போகாது, செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், பொறுமை வேண்டும்.

இனி உங்கள் மோட்டர் எந்த இனம் என்று பார்க்கவேண்டும், செய்யும் வேலை அதைப் பொறுத்தே மாறும். மலிவான மெஷின்களில் கரி பிரஷ் வைத்த மோட்டர், தடித்த இரண்டு வயர் போகும், ஓடும்போது பின்பக்க ஓட்டைகளால் நீலப் பொறி தெரியும். விலை கூடியவற்றில் பிரஷ்லெஸ், அதாவது கரி பிரஷ் இல்லாத மோட்டர், மூன்று வயர் வரும், சிலவற்றில் சர்க்கியூட் பலகையும் மோட்டரும் ஒரே கட்டியாக இருக்கும், பொறி இருக்காது, கையில் எடுத்தால் இவ்வளவு சின்னதா என்று தோன்றும்.

கரி மோட்டர் என்றால் எனக்குச் சந்தோசம், இது எங்கள் பழைய சிநேகிதன். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள். ஆட்டோவின் 12 வோல்ட் பற்றரி போதும், 21.6 வோல்ட் மோட்டர் அதில் மெதுவாகச் சுற்றும், ஒன்றும் ஆகாது. ஆனால் நேரே கொடுக்காமல் இடையில் ஒரு 12 வோல்ட் 35 வாட் ஹெட்லைட் பல்பை வரிசையில் வையுங்கள், கரண்ட் அளவுக்கு மேல் போகாமல் அது தடுக்கும், இது வைண்டிங்காரரின் காப்புக் கயிறு. பல்ப் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கி, மோட்டர் சுற்றினால் மோட்டர் நல்லது, பழுது பட்டனில் அல்லது பலகையில். பல்ப் முழுதாக எரிகிறது, மோட்டர் அசையவில்லை என்றால் உள்ளே ஷோர்ட், அல்லது இறுகிவிட்டது. பல்ப் எரியவே இல்லை என்றால் எங்கேயோ தொடர்பு விட்டிருக்கிறது, பெரும்பாலும் கரி தேய்ந்து தொடவில்லை. ஷோர்ட் என்று வந்தவுடன் மோட்டரை எறியவேண்டாம், அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சின்ன டயோட் அல்லது கெப்பாசிட்டர் ஒட்டியிருக்கும், அது ஷோர்ட் ஆனாலும் மோட்டர் ஷோர்ட் மாதிரியே காட்டும். ஒரு காலை மட்டும் கழற்றி விட்டுத் திரும்பப் பாருங்கள். சில்லறைக் காசுச் சாமானுக்காக நல்ல மோட்டர் குப்பைக்குப் போயிருக்கிறது.

கரியை வெளியே எடுக்கக்கூடிய மாதிரி இருந்தால் எடுத்து, அது உட்காருகிற குழியில் தடையில்லாமல் வழுக்குகிறதா என்று பாருங்கள், தூசி இறுகி நடுவழியில் சிக்கி நிற்பதும் ஒரு வழக்கமான பழுது. கரி தொடுகிற செம்பு வளையம் கபில நிறத்தில் மினுமினுத்தால் அது ஆரோக்கியம், தேய்க்கவேண்டாம். கறுத்துக் கருகியிருந்தால் மட்டும் 600 நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய மணல்கடதாசியை ஒட்டி ஒட்டாமல் பிடித்து மோட்டரைக் கையால் சுற்றுங்கள். எமரித் துணி வேண்டாம், அதன் துகள் செம்பில் புதைந்து புதுக் கரியைத் தின்னும். செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள கோடுகளைத் துப்புரவாக்க ஊசி எடுக்காதீர்கள், தென்னோலை ஈர்க்கு ஒன்றைச் சீவி எடுங்கள், கீறாது, கரண்டும் கடத்தாது, நான் முப்பது வகை ஆயுதம் வைத்திருந்தும் இதற்கு ஈர்க்குத்தான். கடைசியில் அல்ககோலில் துடைத்து, புதுக் கரி போட்டால் பாரமில்லாமல் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள், கரியின் முகம் வளையத்தின் வளைவுக்கு உட்காரவேண்டும்.

எண்ணெய் பற்றி. தண்டு பேரிங்குக்குப் பதிலாக வெண்கல புஷ்ஷில், அதாவது வெண்கலக் குழலில், சுற்றினால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, ஒரே ஒரு துளி. கூடினால் வழிந்து கரிக்குப் போகும், கரித்தூளோடு குழம்பி ஷோர்ட் ஆகும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்களை இன்றைக்கும் காண்கிறேன், அது கொஞ்ச நாளில் பசையாகி மோட்டரையே ஒட்டிவிடும். தகரத்தில் வருகிற துரு நீக்கி ஸ்பிரேயையும் பேரிங்குக்கு அடிக்கவேண்டாம், இருக்கிற கிரீஸையும் கரைத்து விரட்டிவிடும். பேரிங் பழுது என்றால் அதன் மேல் எழுதியிருக்கிற எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு மோட்டர் சைக்கிள் பேரிங் விற்கிற கடைக்குப் போங்கள், 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர், எந்த நாட்டிலும் அதே அளவு.

பல மலிவு மெஷின்களில் இருப்பது 775 என்கிற அளவு மோட்டர், 42 மில்லிமீற்றர் விட்டம், 5 மில்லிமீற்றர் தண்டு. அதன் மூடி தகர நாக்குகளால் மடித்து இறுக்கியிருக்கும், நிமிர்த்தித் திரும்ப மடித்தால் அநேகமாக உடையும். அதைத் திறந்து மினக்கெடுவதை விட முழு மோட்டரையும் மாற்றுவது லேசு, இங்கே கிடைக்காவிட்டாலும் கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் கிடைக்கும். வோல்ட், தண்டின் தடிப்பு, தண்டின் நீளம் மூன்றும் ஒத்துவர வேண்டும், சுற்றுகிற திசையும். வயரை ஒட்டும்போது 60 வாட் அயனாவது வேண்டும், தடித்த வயர் சூட்டை உறிஞ்சிவிடும், சின்ன அயனால் ஒட்டினால் மேலால் ஒட்டிய மாதிரித் தெரியும், உள்ளே பிடித்திருக்காது.

பிரஷ்லெஸ் என்றால் என் பேச்சு மாறும். அதைப் பார்க்கலாம், துப்புரவாக்கலாம், அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். தண்ணீர் மோட்டர் ஒன்று நிமிடத்துக்கு 2,800 சுற்று சொச்சம். 2018இல் வந்த டைசன் வி10இன் மோட்டர் நிமிடத்துக்கு 125,000 வரை சுற்றும். உங்களுடையது ஒரு இலட்சம் என்று வையுங்கள், தண்டில் பூட்டியிருக்கிற, காற்றைத் தள்ளுகிற இதழ்கள் உள்ள காற்றுச் சில்லு 45 மில்லிமீற்றர் விட்டம் என்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது, வானத்தில் போகிற பிளேன் வேகம். அந்தச் சில்லில், மையத்திலிருந்து 20 மில்லிமீற்றர் தூரத்தில், 0.01 கிராம் தூசி ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால் சுற்றும்போது அது இரண்டு கிலோவுக்கு மேல் பாரத்தோடு தண்டை இழுக்கும். ஆகவே அரைகுறையாகத் துப்புரவாக்குவது துப்புரவாக்காமல் விடுவதை விடக் கேடு. ஐந்து இதழைத் துடைத்துவிட்டு இரண்டை விட்டால் நீங்களே அதன் சமநிலையைக் கெடுத்துவிட்டீர்கள். மெல்லிய தூரிகையும் அல்ககோலும் எடுத்து எல்லா இதழையும், பின்பக்கத்தையும், ஒரே மாதிரி. வெடிப்புத் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், மூடியில்லாமல் ஓட்டிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம்.

மோட்டர் நல்லதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூன்று வயரையும் பலகையிலிருந்து கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் விட்டு, சில்லை விரலால் சுற்றுங்கள், லேசாகச் சுற்றவேண்டும். பிறகு மூன்று வயரின் முனையையும் ஒன்றாக முறுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள், இப்போது கையில் ஒரு தடை தெரியவேண்டும். வயரைத் தொடவிடாமலே தடை தெரிந்தால் உள்ளே வைண்டிங் ஷோர்ட், அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. மீற்றரால் இரண்டிரண்டு வயராக மூன்று சோடியையும் அளந்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், ஒரு சோடியில் தொடர்பே இல்லை என்று காட்டினால் மோட்டர் முடிந்தது. ஆட்டோ பற்றரியை இந்த மோட்டருக்குக் கொடுக்கவே வேண்டாம், சுற்றாது, எரியும். பேரிங்கைப் பிடுங்கி மாற்றுவதையும் நான் சொல்லமாட்டேன், இவ்வளவு காலம் மோட்டரோடு கிடக்கிற நானே அதைச் செய்வதில்லை, கம்பனியில் பூட்டும்போது அதை முடியளவு துல்லியமாக அழுத்திச் சமநிலை பார்த்திருப்பார்கள், சுத்தியலால் தட்டிப் பூட்டினால் பத்து நிமிடம் ஓடும்.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் வந்த ஒரு பிரஷ்லெஸ் மெஷினின் தூசியை எடுக்கப் பக்கத்து டயர்க் கடைக்குக் கொண்டுபோய் கொம்பிரசர் காற்றை அடித்தேன். சில்லு ஊய்யென்று சுற்றியது, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. காந்தம் சுற்றினால் மோட்டர் டைனமோ ஆகும் என்பது எனக்குத் தெரியாத விசயம் இல்லை, அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை. பிறப்பித்த கரண்ட் பின்பக்கமாகப் பலகைக்குப் போய் அதில் கரண்டை விட்டு விட்டு நிறுத்துகிற மொஸ்பெட் என்ற சாமானை உடைத்துவிட்டது. நல்ல மோட்டரோடு வந்த மெஷினுக்கு நான் கைக்காசில் பலகை தேடி வாங்கிக் கொடுத்தேன். காற்று அடிப்பதென்றால் சில்லை ஒரு ஈர்க்கால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, கைப்பம்பால் அடியுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, அவரிடம் என்ன சொல்லிவிடுவது. மோட்டர் வேண்டாம், நான் சொன்னபடி பார்த்து முடியும்வரை. அந்த மொடலுக்குரிய பில்டர் இரண்டு வாங்கி வரச் சொல்லுங்கள், ஒன்று காயும்போது மற்றது ஓடும், உருளைப் பிரஷ் ஒன்றும் சேர்த்து. மொடல் எண் மெஷினின் அடியிலோ பற்றரிக்குப் பின்னாலோ இருக்கும், படம் எடுத்து அனுப்புங்கள், வாயால் சொன்னால் பிழைக்கும். பற்றரி வாங்குவதென்றால் ஒரு விசயம், தனியாகக் கொண்டுவருகிற லித்தியம் பற்றரியைப் பிளேனில் பெரிய பெட்டிக்குள் போடவிடமாட்டார்கள், கையோடு கொண்டுவருகிற பையில்தான் வைக்கவேண்டும், 100 வாட்-மணி வரைக்கும் பிரச்சினையில்லை. 21.6 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 54 வாட்-மணி, தாராளமாகக் கொண்டுவரலாம். முனைகளுக்கு மேல் டேப் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.